இரண்டு சொட்டு அட்ரோபின்

காலை ஏழு அடிக்கப் பத்து நிமிடம். பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பியாகிவிட்டது. காய்ச்சல் என்று நின்ற நால்வருக்குக் கொயினா கொடுத்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தேன். என் மகள் ராஜம், வயது பதினொன்று, வாசிப்புப் புத்தகத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, எழுத்தெல்லாம் கரைஞ்சு கிடக்கு."

வெளிச்சத்துக்குக் கூட்டிவந்தேன். கூசுகிறது என்று முகத்தைத் திருப்பினாள். இரண்டு கண்ணிலும் நடுக் கறுப்பு அகன்று, சுற்றியுள்ள பழுப்பு வளையம் நூலளவே மிச்சமிருந்தது.

முதல் நாள் மாலை கண் சிவந்திருக்கிறது என்று டிஸ்பென்சரிக்கு வந்தவளுக்கு, கண்ணுக்கு இரண்டு சொட்டு போரிக் தண்ணீர் விட்டிருந்தேன். அப்படித்தான் நினைத்தேன். அன்று மதியம் ஸ்டோரில் ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட் தெறித்துக் கண் புண்ணான ஒருவனுக்கு அட்ரோபின் என்ற விஷச் சொட்டு மருந்து விட்டு, அந்தப் புட்டியை விஷ அலமாரியில் பூட்டாமல் தட்டிலேயே வைத்துவிட்டேன். ஓடிப்போய்ப் பார்த்தேன். முதல் நாள் காலையில் நான் நிரப்பிய போரிக் புட்டி கழுத்துவரை அப்படியே இருந்தது.

"நேத்து என்னங்க ஊத்துனீங்க?" என்று என் மனைவி தங்கம் கேட்டாள்.

"போரிக்தான்."

பாலோவுக்குப் பக்கத்தில் இந்த ரப்பர் தோட்டத்தில் பதினான்கு வருடமாக, மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரெஸ்ஸராக இருக்கிறேன். அட்ரோபின் விட்டால் கறுப்பு விரியும், பிறகு சுருங்கும் என்பது எனக்குத் தெரியும். எழுத்து தெரியாமல் போகும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நரம்பு செத்துவிட்டது, பிள்ளையின் கண்ணை என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

டாக்டரின் கண்ணாடி

தோட்ட மேனேஜர் துரையின் பங்களாவிலிருந்து குளுவாங் டவுனுக்கு டெலிபோன் போயிற்று. எங்கள் பக்கத்துத் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கும் டாக்டர் மறுநாள் மதிய ரயிலில் வந்தார். மதராஸில் படித்தவர், ஐம்பது வயது இருக்கும்.

"என்ன டிரெஸ்ஸர், மூஞ்சியப் பார்த்தா பேஷண்ட் நீங்கதான் போலிருக்கே?"

"போரிக் இல்ல டாக்டர், அட்ரோபின். புட்டி மாத்தி விட்டுட்டேன்."

தங்கம் என்னைப் பார்க்கவில்லை. மகளின் தோளை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் ராஜத்தை வாசலுக்குக் கூட்டிப்போனார். "அதோ, மரத்துல பலகை தெரியுதா? என்ன நம்பர்?"

"பதினேழு."

அது நூறு கஜம் தள்ளி இருந்தது. புத்தகத்தைக் காட்டினார். தெரியவில்லை என்று தலையசைத்தாள். உடனே அவர் தான் படிக்கப் போடும் கண்ணாடியைக் கழற்றி அவள் மூக்கில் மாட்டினார். அது நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் பக்கம் முழுவதும் வாசித்தாள்.

"செத்துப்போன கண்ணு வாசிக்குமா?" என்றார் டாக்டர். "கண்ணுக்குள்ள ஒரு லென்ஸ் இருக்கு. கண்ணாடி மாதிரி கெட்டி இல்ல, நம்ம ரப்பர் மாதிரி. சுத்தி வளையமா ஒரு தசை, ரெண்டுக்கும் நடுவுல நுண்ணிய நூல். தூரத்தப் பார்க்கும்போது தசை சும்மா இருக்கும். நூல் விறைப்பா இழுக்கும், லென்ஸ் சப்பையாகும். கிட்டப் பார்க்கணும்னா தசை சுருங்கும், நூல் தளரும், லென்ஸ் தானா உப்பிக்கும். உங்க சொட்டு மருந்து அந்தத் தசையத் தூங்க வச்சிருச்சு. ரெண்டு வாரத்துக்குள்ள முழிச்சுக்கும்."

"உங்களுக்கு எதுக்கு இந்தக் கண்ணாடி?" என்று ராஜம் கேட்டாள்.

"என் ரப்பர் பழசும்மா, உப்ப மாட்டேங்குது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "இத்தனை வருசத்துல எந்தப் பேஷண்டும் இதச் சொல்லலையா?"

முனியம்மா சொன்னது

சொல்லியிருந்தாள். போன வருடம் கண் புண்ணுக்கு நான் அட்ரோபின் விட்ட முனியம்மா, ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவள், புண் ஆறிய பிறகும் வந்து நின்று, "தூர மரம் தெரியுது ஐயா, கத்தி முனைதான் தெரியல" என்றாள். நான் நாடகமாடாதே என்று வேலைக்கு அனுப்பினேன். கத்தி ஆழமாக இறங்கி மரங்கள் காயப்பட்டன. கங்காணி அவளைப் புல் வெட்டும் வெளிக்காட்டு வேலைக்கு இறக்கிவிட்டார். என் நோயாளிகள் யாரும் புத்தகம் படிப்பவர்கள் இல்லை. அதனால் என் மருந்து செய்வது பதினான்கு வருடம் எனக்குத் தெரியவில்லை.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப நான் பொய் சொல்லலன்னு சொல்ல ஒங்க மகளுக்குக் கண்ணு மங்கணுமாங்க ஐயா?" என்றாள். பிறகு, "பிள்ளைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அன்றே துரைக்கு எழுதினேன். அவள் மறுபடியும் பால் வெட்டப் போகிறாள்.

அன்று மாலை ஒரு முழத் தொலைவில் விரலைப் பிடித்துப் பார்த்தேன். விரல் தெளிந்தது, பின்னாலிருந்த மரங்கள் கரைந்தன. மரங்களைப் பார்த்தேன், விரல் கரைந்தது. நடுவில் நான் செய்தது ஒன்றுமில்லை. மொச்சைக் கொட்டையிலும் சிறிய அந்த லென்ஸ், காலையிலிருந்து எத்தனை ஆயிரம் முறை சப்பையாகி உப்பியிருக்கும்! ஒருமுறைகூட என்னைக் கேட்கவில்லை. இப்படி ஒரு வேலைக்காரனைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டுதான் நாமெல்லாம் கெட்டிக்காரர்கள் என்று திரிகிறோம்.

டாக்டர் வந்துபோன நாலாம் நாள் தங்கம், "புட்டி மாறுனத மறந்துடலாம். எங்கிட்ட போரிக்னு சொன்னீங்களே, அதத்தான் முடியல" என்றாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நோயாளி முக்காலியை விட்டு எழுமுன் விஷப் புட்டி அலமாரிக்குள் போயிருக்க வேண்டும். தன் கண்ணைப் பற்றி ஒருவர் சொல்வது உங்கள் படிப்புக்குப் பொருந்தாவிட்டால், முதலில் படிப்பைச் சந்தேகப்படுங்கள்.

டாக்டர் சொன்ன கெடுவை நான் முழுதாக நம்பவில்லை. தினமும் காலையில் புத்தகத்தை நீட்டினேன், தினமும் அவள் தெரியவில்லை என்று தலையசைத்தாள். பதினோராம் நாள் டிஸ்பென்சரியில் ஒருவனுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்குப் போயிருந்த ராஜம் நேராக உள்ளே வந்து, என் தாடையைப் பிடித்துத் திருப்பி, ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அசையாதீங்கப்பா. மீசையில மூணு வெள்ளை முடி. ஒன்னு ரொம்பச் சின்னது."