அமிர்தம் செதுக்கிய டி.என்.ஏ.

இடது கை பிளாஸ்டர் உருளையை மடியோடு அணைத்துப் பிடித்திருந்தது. வலது கையில் நுனி தீட்டிய ஆக்சா பிளேடு. ஒரு இழை சுரண்டி, ஊதி, கட்டைவிரலால் தடவிப் பார்த்து, மறுபடி ஒரு இழை. உருளையைச் சுற்றிக்கொண்டு இரண்டு மேடுகள் கொடிபோல ஏறின. அவற்றுக்கு நடுவே ஒரு பள்ளம் அகலம், அடுத்தது குறுகல், மறுபடி அகலம். எதிர்ச் சுவரில் பாடப்புத்தகப் படமொன்றின் நகல் ஒட்டியிருந்தது. கைகள் அதைப் பார்த்துப் பார்த்து நடந்தன. மணிக்கட்டு மட்டும் நடுநடுவே சுண்டி இழுத்தது.

அமிர்தத்துக்கு இது பீங்கான் யூனிட்டில் வேலை முடிந்தபின் செய்யும் வேலை. பகலெல்லாம் பியூஸ் கேரியர் அச்சுகளில் எழுத்து வெட்டுவாள். கம்பெனி பெயர், வோல்ட், ஆம்பியர் எல்லாவற்றையும் அச்சின் உட்பக்கத்தில் இடவலம் மாற்றி வெட்டினால்தான் வார்த்தெடுக்கும் பீங்கானில் நேராக வரும். இதை அவளுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. முன்பு அச்சு வெட்டியவர் துபாய்க்குப் போய்விட, அதுவரை அச்சுகளில் களிக்கூழ் ஊற்றிக்கொண்டிருந்தவள் பிளேடைக் கையில் எடுத்தாள். முதல் அச்சில் எழுத்தை நேராக வெட்டிவிட்டாள். வந்த சரக்கு முழுக்க எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி இருந்தது. அன்று பட்ட கேலிக்குப் பிறகு கை தானாகவே திருப்பிப் போடக் கற்றுக்கொண்டது. ஒரு பொங்கலன்று வாசலில் கோலப்பொடியால் வாழ்த்து எழுதியவள், எதிர்வீட்டுக்காரி சிரித்தபிறகுதான் அது எதிர்வாக்கில் போவதைக் கவனித்தாள்.

கார்முகில் கம்மாபுரத்திலிருந்து கல்லூரிக்குப் பைக்கில் வருகிற கௌரவ விரிவுரையாளர். மழைக்கு ஒதுங்கவும் டீ குடிக்கவும் தொழிற்பேட்டையில் நின்று பழக்கம். அப்படி நின்ற ஒருநாள்தான் அந்தப் படத்தை எடுத்து நீட்டினான்.

"என்னங்க சார் இது, கயித்து ஏணிய முறுக்கி வுட்டாப்புல இருக்குது?"

"அதேதாங்க்கா. டி.என்.ஏ. நம்ம உடம்புல செல்லுக்குச் செல் இதான் இருக்குது."

"எனக்குள்ளயுமா? அதான் ஒடம்ப இந்த முறுக்கு முறுக்குதா."

அவன் சிரிக்கவில்லை. அவனும் களைத்துத்தான் இருந்தான். முதல் வருடத்துக்கு உயிர் மூலக்கூறுகளின் அமைப்பு என்று ஒரு பாடம். சர்க்கரை எப்படிக் கோத்திருக்கிறது, புரதம் எப்படி மடிகிறது என்று முழுக்கப் படமாகவே ஓடும். வகுப்பில் ஜெனிபர் என்று ஒரு பெண். பன்னிரண்டாவது முடிக்கும்போது மங்கத் தொடங்கிய பார்வை, இப்போது வெளிச்சம் இருட்டு தெரிகிற அளவில் நிற்கிறது.

"ஹெச்.ஓ.டி. அவள வேற டிபார்ட்மெண்டுக்கு மாத்திடலாங்கறாருக்கா. வாயால ஒரு டெஸ்ட் வச்சுப் பாப்போம், தேறிட்டா இருக்கட்டும்னு நான் கெஞ்சிக் கேட்டு வந்துருக்கேன். மத்த பசங்களுக்குப் புத்தகத்துல படம் இருக்குது. அவளுக்கு யாராச்சும் கையில குடுத்தாத்தான் படம்."

"எப்ப டெஸ்ட்டு?"

"மாசக் கடைசிங்க்கா."

அமிர்தம் படத்தை வாங்கிச் சுவரில் ஒட்டினாள். செய்கிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் அன்றே உருளை வார்த்தாள்.

சுடும்போது பீங்கான் சுருங்கும். அதற்கு ஈடாக உருளையைப் பெரிதாக எடுத்தாள். விரல்நுனி உள்ளே போய்வர வேண்டும் என்று பள்ளங்களின் வாயை அகட்டினாள். மெருகு பூசினால் அது பள்ளத்தில் தேங்கிவிடும் என்று அதைப் பூசாமலே விட்டாள். செதுக்கிய உருவத்திலிருந்து இரண்டு பாதியாக அச்செடுத்து, காயவைத்து, களிக்கூழ் ஊற்றி, காய்ந்த வார்ப்பைப் பொதுச் சூளையில் ஒரு மூலை கேட்டுச் சுட்டாள். கையில் எடுத்தபோது ஒரு குறையும் தெரியவில்லை.

கார்முகில் வந்து வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். சுவரில் இருந்த படத்தின் பக்கத்தில் பிடித்தான்.

"என்னங்க சார்?"

"அக்கா, ரொம்ப நல்லா வந்துருக்குது. ஆனா இடப்பக்கமா ஏறுதுக்கா. பாடத்துல இருக்குறது வலப்பக்கமா ஏறும்."

"தலைகீழாப் புடிச்சிருக்கீங்க. திருப்புங்க."

அவன் திருப்பினான். மேடுகள் அப்போதும் இடப்பக்கமாகவே ஏறின. அமிர்தம் பிடுங்காத குறையாக வாங்கி நிமிர்த்தினாள், கவிழ்த்தாள், படுக்க வைத்தாள். எப்படி வைத்தாலும் அதே பக்கம். அச்சுகளை இறுக்கும் போல்ட் ஒன்று மேசையில் கிடந்தது. கார்முகில் அதை எடுத்துப் பக்கத்தில் நிறுத்தினான். போல்ட்டின் மரை படத்தில் உள்ளது போலவே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அவளுடைய மேடு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

அவளுக்கு விளங்கிவிட்டது. செதுக்கியது அச்சை அல்ல, உருவத்தையே. படத்தில் உள்ளபடி நேராகச் செதுக்கியிருக்க வேண்டும். கை கேட்காமலே திருப்பிப் போட்டிருந்தது.

முதலாளி கோதண்டபாணி டீ கிளாசோடு எட்டிப் பார்த்தார். "முறுக்கு எந்தப் பக்கம் சுத்துனா என்னா, கடிச்சா ஒண்ணுதான். குடுத்து அனுப்பும்மா. யாரு பாக்கப் போறா?"

"பாக்குறவங்களுக்கா இருந்தா குடுத்துடலாங்க மொதலாளி," என்றாள் அமிர்தம். "பாக்குறவங்க புத்தகத்தப் பாத்து இது தப்புன்னு சொல்லிடுவாங்க. அந்தப் பொண்ணு இதத்தான் மனசுல வச்சிக்கும்."

"அதேதாங்க," என்றான் கார்முகில். "இந்த மூலக்கூறுல எல்லாம் பக்கம் முக்கியம். வலது கால் செருப்ப இடது கால்ல மாட்டுனாப்புல ஆயிடும். டெஸ்ட்ல மொதக் கேள்வியே அதாத்தான் இருக்கும்."

"அப்ப செய்யி. எனக்கென்ன. ஆனா சூளை திங்கக்கெழம ஏத்துறாங்க. அத வுட்டா மாசம் போயிடும்."

அன்று வெள்ளி. புதிதாக உருவம் செதுக்கி, அச்செடுத்து, அச்சு காய்ந்து, வார்த்து, வார்ப்பும் காய்ந்து திங்களுக்குள் சூளை ஏறாது. அமிர்தம் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். தூங்கிவிட்டாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். எழுந்தவள் அலமாரியிலிருந்து காய்ந்த பழைய அச்சு ஒன்றின் இரண்டு பாதிகளையும் இறக்கினாள். உள்ளே வெறும் உருளைப் பள்ளம். உருவம் இல்லாமல் நேரே அச்சிலேயே வெட்டப் போகிறாள். அங்கே கை தன் பழக்கப்படி திருப்பிப் போட்டால் அதுவே சரி.

சொல்லிவிடுவது எளிது. இரண்டு பாதிகளிலும் தனித்தனியே வெட்டும் கோடுகள் சேர்க்கும்போது ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். ஒரு பக்கம் சேர்ந்தால் மறுபக்கம் விலகியது. சனிக்கிழமை முழுக்கச் சேர்த்துப் பார்ப்பதும் பிரிப்பதும் சுரண்டுவதுமாகப் போனது. மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டாள். ஞாயிறு காலை வார்த்து வெயிலில் வைத்தாள். விலகியிருந்த இடங்களை ஈரத்திலேயே இழைத்தாள். ஓரளவுக்கு மேல் இழைத்தால் மேடே போய்விடும் என்று நிறுத்திக்கொண்டாள். திங்களன்று சூளைக்காரரிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் உட்கார்ந்தவள் இறங்க வேண்டிய மங்கலம்பேட்டை தாண்டியும் தூங்கிக்கொண்டே போனாள்.

டெஸ்ட்டுக்கு முந்தின நாள் காலை, வேலைக்குப் போகும் முன் கல்லூரிக்குப் போனாள். கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. ஆய்வகத்து வராந்தா பெஞ்சில் கார்முகிலும் ஜெனிபரும் இருந்தார்கள். அவன் முதலில் வாங்கி, போல்ட்டின் பக்கத்தில் பிடிப்பதுபோல் ஒருமுறை பார்த்து, தலையசைத்து, ஜெனிபரின் கையில் வைத்தான்.

அவள் அடியிலிருந்து தொடங்கினாள். கட்டைவிரல் மேட்டைப் பிடித்துக்கொண்டு ஏறியது.

"வலப்பக்கமா போவுது சார்."

"ம்."

"இது பெரிய பள்ளம். இது சின்னது." விரல் நின்றது. கொஞ்சம் கீழே வந்து, மறுபடி மேலே போனது. "இங்க ஒரு கோடு நேரா ஓடுது. ஏறல, சுத்தல, நேரா மேல போவுது. இது என்னா சார்? பாடத்துல நீங்க சொல்லலியே?"

கார்முகில் குனிந்து பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அமிர்தத்துக்கும் கண்ணுக்குத் தெரியவில்லை. தடவிப் பார்த்தாள். இருந்தது.

"அது பாடம் இல்ல பாப்பா. அச்சு சேர்ற எடம்."

"பரவால்ல ஆண்ட்டி, அத வுட்டுட்டுப் படிச்சுக்கறேன்."

"நாளைக்குப் பதட்டத்துல அதையும் சேத்துச் சொல்லிடுவ. குடு இப்படி."

அமிர்தம் கைப்பைக்குள் துழாவி உப்புத்தாள் துண்டொன்றை எடுத்து நான்காக மடித்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சுட்ட பீங்கான் மெதுவாகத்தான் வழிவிட்டது. மேட்டின் முதுகில் தேய்க்காமல், கோடு குறுக்கே போகிற இடங்களில் மட்டும் மடிப்பின் நுனியால் தேய்த்தாள். தொழிற்பேட்டை பஸ் வந்து போகிற சத்தம் கேட்டது. வகுப்பு மணி அடிக்கவும் கார்முகில் எழுந்து போனான். ஜெனிபர் தேய்க்கும் சத்தத்தின் பக்கம் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள்.

ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம். முடிந்ததும் அமிர்தம் கண்ணை மூடிக்கொண்டு அடியிலிருந்து நுனிவரை தானே ஒருமுறை தடவினாள். நடுவில் ஒரு இடத்தை மறுபடி தேய்த்தாள். மறுபடி தடவினாள். முந்தானையால் தூசியைத் துடைத்து, ஜெனிபரின் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, அவற்றில் நிமிர்த்தி வைத்தாள்.

"இப்ப ஏறிப் பாரு."