லேமினேட் செய்யாதீர்கள்: ஜவ்வாது மலைக்கு ஒரு தாளைத் தேடி

அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, காலை 6.10. வேலூர் பேருந்து நிலையம். மீதி இருப்பது பதினேழு நாள்.

நெதர்லாந்தில் வேலை கிடைத்திருக்கிறது. 31ஆம் தேதிக்குள் அப்போஸ்டில் முத்திரையோடு பிறப்புச் சான்றிதழ் அங்கே போய்ச் சேர வேண்டும். நம் ஊர் ஆவணம் உண்மையானதுதான் என்று வெளியுறவுத் துறை தரும் சான்றுதான் அப்போஸ்டில். தேதி தவறினால் வேலை அடுத்த ஆளுக்கு. சான்றிதழ் இருந்தது. பத்தாம் வகுப்பில் நானே பத்திரமாக லேமினேட் செய்தது. அப்படிப்பட்ட தாளில் முத்திரை வைக்க மாட்டார்களாம். சூடு காட்டிப் பிரித்தேன். பதிவாளர் கையெழுத்து பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. நான் படித்தது இயந்திரவியல், சொல்லவே வெட்கம்.

அம்மா ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரில் செவிலியராக இருந்தபோது பிறந்தவன் நான். என் பதிவு இணையத்தில் ஏறவில்லை. பழைய பதிவேட்டில் தேட வேண்டும், நேரில் வாருங்கள் என்றார்கள். அதிலும் இல்லாவிட்டால்? மூன்று நாளாகத் தூக்கம் சரியில்லை.

அமிர்தி 25 கி.மீ., ஒரு மணி நேரம். அங்கிருந்து ஷேர் ஜீப், ஆளுக்கு 120 ரூபாய், பதினோரு பேர். வளைவுகளில் மழை. பையை மார்போடு அணைத்திருந்தேன். ஓட்டுநர் மலைமேலுள்ள நெல்லிவாசல்நாட்டுக்காரர், கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், கொழந்தைய தூக்கினு வர்ற மாதிரி வர்றீங்க?"

"பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போறேன்."

"நீங்கதான் பொறந்து வந்து குந்தினு இருக்கீங்களே. அதுக்கு ஒரு பேப்பரா?"

ஜீப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

10.15க்கு ஜமுனாமரத்தூர் பதிவாளர் அலுவலகம். எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார். நான் பிறந்த மாதத்தில் ஒவ்வொரு பெயராக அவர் விரல் இறங்கியது. பக்கம் முடிந்தது. அடுத்த பக்கம். மூன்றாவது வரியில் அம்மாவின் பெயர். கையெழுத்தாகிக் கைக்கு வரும்போது 3.20.

4.30 பேருந்துக்கு முன் இரண்டு நகல் எடுக்க எதிரிலிருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார அக்காவிடம் தாளைக் கொடுத்தேன். அம்மா போன் செய்தார், திரும்பி நின்று பேசினேன். ஒரு நிமிடம்கூட இருக்காது. பிளாஸ்டிக் சூடேறும் வாசனை. அது எனக்குத் தெரிந்த வாசனை.

தாள் உறைக்குள் இருந்தது. உறையின் நுனி லேமினேட் இயந்திரத்தின் வாயில். பாய்ந்து இழுத்தேன். தாள் கையோடு வந்தது, வெறும் உறை உள்ளே போய்ச் சுருண்டது.

"யாரைக் கேட்டு இதை வச்சீங்க?" கத்திவிட்டேன்.

"மழையா கீதே சார், நனைஞ்சிடப் போதேன்னு... காசு கூட கேக்கலயே."

"லேமினேட் பண்ணா செல்லாது! வெளிநாட்டுக்குப் போற எந்தப் பேப்பரும் செல்லாது!"

அக்கா இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தார். என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"எம்பொண்ணு நர்சிங் முடிச்சிக்கிறா சார். துபாய்க்கு எழுதிப் போட்டுக்கிறா. மார்க் ஷீட், டிகிரி எல்லாம் நாந்தான் இதுல வுட்டு எடுத்தேன். அதுவும் செல்லாதா?"

தாளைப் பைக்குள் வைத்தேன்.

"இந்த மலையில பாதிப் பேரோடது இதுலதான் சார் போட்டது," என்று இயந்திரத்தைப் பார்த்தார்.

மலையிறங்கும் பேருந்தில், காவலூர் தாண்டும்வரை தாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு மடிப்பு. அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். இனிச் செய்யப்போவது:

1. நாளை காலை முதல் ரயிலில் சென்னை. தாள் இரண்டு அட்டைகளுக்கு நடுவில், பசை, பின், உறை எதுவும் இல்லாமல்.
2. முதலில் மாநில அரசின் சான்றொப்பம், அதன் பிறகு அப்போஸ்டில். மடிப்பைப் பற்றி அவர்கள் கேட்கும்வரை நானாக வாய் திறப்பதில்லை.
3. லேமினேட் செய்த நர்சிங் சான்றிதழுக்கு மாற்றுப் பிரதி எங்கே, எத்தனை நாளில் கிடைக்கும் என்று அதே வரிசையில் நின்று விசாரிப்பது.
4. தெரிந்ததும் அக்காவுக்குப் போன். எண் வாங்கியிருக்கிறேன். கத்தியதற்கு மன்னிப்பு முதலில். பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், எனக்கே இன்னும் தெரியாது.