விருத்தாசலத்தில் கலந்த நிறம்

காலை ஒன்பதரைக்கு விருத்தாசலம் சந்திப்பில் இறங்கினோம். எழும்பூரிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். என்னுடன் வந்தவர் நவோமி. லண்டனில் பிறந்த நாடக இயக்குநர், பெற்றோர் கானா நாட்டுக்காரர்கள். கடல் கடந்த ஆப்பிரிக்கக் குடும்பங்களின் கதைகளை விஆர் கண்ணாடிக்குள் நாடகமாக்குகிறவர். அதைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குள்ளேயே நிற்பதுபோல் இருக்கும். பார்ப்பவர் கையில் ஒரு பீங்கான் அம்மா பொம்மை இருந்தே ஆகவேண்டும் என்பது அவர் பிடிவாதம். மறுநாள் புதுச்சேரியில் நாடகம். போனில் பத்துப் பொம்மைக்கு ஆர்டர் சொன்னது மொழிபெயர்ப்பாளனான நான்தான்.

ஆட்டோக்காரர் கேட்டார்: "எந்த ஊருங்க இவங்க?"

"லண்டன். பீங்கான் பொம்மை வாங்க வந்திருக்காங்க."

"அடேங்கப்பா! நம்மூரு பொம்மைக்கா அங்கேர்ந்து வந்தாங்க?"

நூறு ரூபாய் பேசியவர் எண்பது போதும் என்றுவிட்டார். ஊர்ப் பெருமை இருபது ரூபாய் பெறும் போலிருக்கிறது.

தொழிற்பேட்டைப் பட்டறையில் வர்ணம் பூசும் செல்வி எங்கள் பொம்மைப் பெட்டியைத் திறந்தார். நாங்கள் அனுப்பிய படத்திலிருந்த அதே மூக்கு, அதே உதடு, அதே தலைக்கட்டு. ஆனால் பத்தும் ரோஸ் நிறம்!

"போட்டோவுல கருப்பா இருந்தாங்க. பாவம், வெளிநாட்டுக்குப் போறதாச்சேன்னு நல்லா செவப்பாக்கிட்டேங்க. கல்யாண செட்டு, காய்கறிக்காரம்மா, எல்லாத்துக்கும் இங்க இந்தக் கலருதான்."

நவோமியின் முகம் வாடிவிட்டது. "அது என் அம்மா முகம்," என்றார். நான் தமிழில் சொன்னதும் செல்வி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நானாக இருந்தால் கத்தியிருப்பேன். நவோமி பையிலிருந்த விஆர் கண்ணாடியை எடுத்துச் செல்விக்கு மாட்டினார். பட்டறை நடுவில் செல்வி காற்றில் கை நீட்டினார்.

"ஐயோ, எதிர்லயே ஒக்காந்திருக்காங்க! பொண்ணுக்குத் தலை பின்னிவுடறாங்க... எங்க வூட்டு ஆளுங்க மாதிரியே இருக்குதுங்க."

கழற்றியபோது கண் கலங்கியிருந்தது. "பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

"நாலுக்கு."

"முடிச்சிடலாங்க."

சிவப்பு, மஞ்சள், கருப்பு கலந்து தன் கையில் தடவிப் பார்த்தார். நவோமி பக்கத்தில் தன் கையை வைத்தார். "இவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கருப்பு வுடணும்," என்று சிரித்தார் செல்வி. நவோமிக்கு அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. என்ன மாதிரிப் பெண்கள் இவர்கள்!

கிளம்பும்போது செல்வி, உடைந்தால் ஆகுமென்று சுட்டு வைத்திருந்த உபரிப் பொம்மையைக் காட்டினார். அது அவருடைய நிறத்தில் இருந்தது.

"இது எம்பொண்ணுக்குங்க. பவுடரு அப்பிக்காம ஸ்கூலுக்குப் போவமாட்டேங்குது. போயிட்டு வாங்க."

வர்ணம் சரியாகக் காயாததால் பொம்மைகளை மடியில் பிடித்தபடியே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் வீட்டுக் கொலுவிலும் ஏழு படி நிறையப் பொம்மைகள் உண்டு. எங்கள் அம்மா நிறத்தில் ஒன்றுகூடக் கிடையாது.