பதினாலு வரணும்

நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறார். ஒரு கையில் டப்பா, மறு கையில் ஸ்பூன்; நடுநடுவே அந்த ஸ்பூனின் காம்பாலேயே கீபோர்டில் ஒரு தட்டு. கல்லூரிக் கணிப்பொறி மையத்தின் பொறுப்பாளர் அவர்; அவருக்கென்று அங்கே ஒரு நாற்காலி இருக்கத்தான் செய்கிறது. அதில் கைப்பை, குடை, உடைந்த கீபோர்டுகள், சுருட்டிய வயர்கள் எல்லாம் குடியிருக்கின்றன. "உட்கார்ந்தா மூளையும் சேர்ந்து உட்கார்ந்துடும்" என்பார் யாராவது கேட்டால். கேட்காவிட்டாலும் என்பார்.

மையத்தின் பெரிய கணிப்பொறியில் புதிதாக எந்த மென்பொருள் நுழைந்தாலும் முதலில் அவர் கொடுக்கும் ஒரு குட்டிக் கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று; ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கிக் கூட்டினால் பதினான்கு. ஆராய்ச்சி மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் பதினாலு மேடம். அது அவர் காதுக்கும் எட்டிவிட்டது. "நல்லவேளை, பதிமூணுன்னு வைக்கலை" என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

போன வாரம் அவருடைய கொழுந்தன் வந்தான். பாலம் கட்டும் இன்ஜினீயர். பள்ளிக்கூடத்து வாசலில், சாலைக்கு மேலே அவன் கட்டிய நடைபாலம் மறுநாள் காலை திறப்பு. பிள்ளைகள் கூட்டமாக ஓடினால் பாலம் எவ்வளவு ஆடும் என்ற கடைசிக் கணக்கு மட்டும் பாக்கி. கணிப்பொறியில் ஓட்டிப் பார்த்தார்கள். ஆட்டம் பூஜ்யம் என்றது திரை.

"அப்பாடா! நான் கிளம்பறேன் அண்ணி."

"எங்க கிளம்புற? துணி காயப்போடுற கயிறே ஆடுது, உன் பாலம் ஆடாதாமா?"

"நல்ல விடைதானே வந்திருக்கு. எதுக்கு நோண்டறீங்க?"

"இவ்வளவு நல்லா இருக்கே, அதான் நோண்டறேன்."

பிழைச் செய்தி என்று பெயருக்குக்கூட ஒன்று இல்லை. பதினான்கு கணக்கைப் போட்டார். சமர்த்தாகப் பதினான்கு வந்தது. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடக்க ஆரம்பித்தார். கீழே வண்டியில் காத்திருந்த ஒப்பந்தக்காரர் ஹாரன் அடித்தார். கொழுந்தன் நெளிந்தான்.

சட்டென்று பதினாலு மேடம் தலையில் அடித்துக்கொண்டார். அவருடைய பதினான்கு எப்போதும் நீள எண்ணில், அதாவது ஒவ்வொரு எண்ணுக்கும் நினைவகத்தில் இரட்டிப்பு இடம் கொடுத்து, போடும் கணக்கு. பாலத்தின் நிரலோ பழசு. இடத்தை மிச்சம் பிடிக்க, அதில் பாதி இடமே கேட்கும் குட்டை எண்ணில் எழுதியது. அதே கணக்கைக் குட்டை எண்ணில் போட்டார். பூஜ்யம்!

"பாத்தியா? ரெண்டு பேருமே யோக்கியந்தான். பேசி வச்சுக்கலை, அவ்வளவுதான்."

ரெண்டு பேர் என்றது, கணிப்பொறியோடு கூடவே வந்த, நிரல்கள் கேட்கும் கணக்குகளைப் போட்டுத் தரும் கணித லைப்ரரியையும், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலரையும். லைப்ரரி பழைய வழக்கப்படி, குட்டை எண் விடையையும் நீள எண்ணின் அகலத்துக்கு விரித்து வைத்துவிட்டுப் போகிறது. கம்பைலர் உண்டாக்கிய நிரல் அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறது. அந்தப் பாதியில் ஒன்றுமே இல்லை. நீள எண்ணில் மட்டும் இருவருக்கும் தகராறே கிடையாது.

"என் பதினாலே எனக்குக் கண்ணைக் கட்டிடுச்சு" என்று முணுமுணுத்தார். கோபம் கணிப்பொறி மேல் இல்லை, தன் மேல்தான்.

லைப்ரரியின் வழக்கப்படியே விடையை எடுத்துக்கொள்ளச் சொல்லி, நிரலை மறுபடி கம்பைல் செய்தார். குட்டை எண்ணிலும் பதினான்கு வந்தது. பாலத்தின் கணக்கை ஓட்டவிட்டு மறுபடி நடந்தார். அறையில் அவருடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

எண் வந்தது. அனுமதித்த அளவைப்போல் இரண்டு மடங்கு.

கீழே மறுபடி ஹாரன். கொழுந்தன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

"நாளைக்குத் திறக்க முடியாது அண்ணி. நான் என்னன்னு போய்ச் சொல்லுவேன்?"

அவர் நாற்காலியிலிருந்த கைப்பை, குடை, கீபோர்டு, வயர் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் தரையில் தள்ளினார். உள்ளங்கையால் தூசியைத் துடைத்தார். நாற்காலியை அவன் முழங்காலுக்குப் பின்னால் நகர்த்திவிட்டு, அதன் முதுகுப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.