கார் தரிப்பிடத்துப் போத்தல்கள்

எங்கள் ஆட்களில் ஒரு பெண் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு நடந்தால் லண்டனில் அதற்கு இரண்டு மண்டபங்கள் தேவைப்படும். ஒன்று மேடையும் பூவும் வீடியோக்காரரும் இருக்கிற உள்மண்டபம். மற்றது வெளியே உள்ள கார் தரிப்பிடம். பெரியவர்களுக்கு முன்னால் குடிப்பது மரியாதை இல்லை என்பதால் ஆண்கள் மெல்ல எழுந்து வெளியே போய், கார் டிக்கியைத் திறந்துவைத்து, அதன் மறைவில் நின்று குடிப்பார்கள். அந்தப் பெரியவர்களும் அங்கேதான் நிற்பார்கள் என்பது வேறு கதை. விழா முடிந்து எல்லோரும் போன பின் தரிப்பிடத்து மதில் ஓரமாக வெறும் போத்தல்கள் வரிசையாக நிற்கும். மண்டபக்காரர் எங்களைத் திட்டிக்கொண்டே அவற்றைக் குப்பைக்குள் போடுவார்.

அந்தப் போத்தல்களில் ஒரு செல்வத்தைக் கண்டுபிடித்தவர் என் மாமா. அம்மாவின் தம்பியான அவர் ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். லண்டனின் சட்டன் பகுதியில் எங்கள் வீட்டின் சின்ன அறையில் தங்கி, ஹவுன்ஸ்லோப் பக்கம் விமானங்களுக்குப் பொதி ஏற்றும் வேலைக்குப் போய்வந்தார். ஜெர்மனியைப் பற்றி அவர் நல்லதாகச் சொன்ன ஒரே விஷயம் பியர். இங்கிலாந்துக்காரன் பியர் என்று விற்பது ஆறிப்போன தேத்தண்ணி என்பது அவருடைய தீர்ப்பு. ஆகவே தானே காய்ச்சுவது என்று முடிவெடுத்தார்.

அம்மா சம்மதிக்கவில்லை. குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு தம்பியோடு சண்டை பிடித்தார். வீட்டில் காய்ச்சுவது சட்டவிரோதமா என்று நான் பயந்தேன். கடைசியில் சண்டையை முடித்துவைத்தவர் அப்பாதான்.

"அவன் செய்யட்டும் விடும். எனக்கு ஒண்டுமில்லை" என்றார்.

அவருக்கு என்ன இருக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா குடிப்பதே இல்லை. கார் தரிப்பிடத்தில்கூட அவர் கையில் தோடம்பழச் சாறுதான் இருக்கும். அவருக்கு வயிற்று வருத்தம், நான் தவழ்ந்த காலத்தில் அதற்காக ஆஸ்பத்திரியில் கிடந்தவர் என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். அந்த வயதில் அம்மா சொன்னால் அது சொன்னதுதான்.

முதல் முறை மாமா கடையில் புதிதாக வாங்கிய போத்தல்களில் பியரை அடைத்தார். பெட்டி பெட்டியாக அது மாடிப்படிக்குக் கீழே இருந்த அலுமாரிக்குள் போனது. சில கிழமைகள் இருட்டில் இருந்தால்தான் அதற்குள் நுரை பிடிக்கும் என்றார். அதற்கிடையில் அடுத்த தடவைக்கென்று, சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் சாமத்தியவீட்டு மண்டபத்திலிருந்து பழைய போத்தல்களைக் காரை நிரப்பிக்கொண்டு வந்து இறக்கினார். மண்ணிறப் போத்தல்களை மட்டும்தான் எடுத்தார். பச்சைப் போத்தலுக்குள் வெளிச்சம் புகுந்து பியரைக் கெடுத்துவிடுமாம்.

மாமா காய்ச்சுவதில் காட்டிய கெட்டித்தனத்தைக் கழுவுவதில் காட்டவில்லை. நாலு போத்தலைக் கழுவிவிட்டு முதுகு பிடிக்கிறது என்று படுத்துவிட்டார். அப்பாதான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அவர் பஸ் ஓட்டுநர். தன் பஸ்ஸின் கண்ணாடியில் ஒரு புள்ளி இருந்தாலும் பொறுக்கமாட்டார்.

அது கோடை விடுமுறை. அப்பாவுக்கு அந்தக் கிழமை முழுக்கப் பின்னேர ஷிப்ட். காலையில் பின்வளவில் வேலை நடந்தது. முதலில் அடியில் கிடந்த பழைய பியரை ஊற்ற வேண்டும். அதற்குள் சிகரெட் கட்டை மிதந்தது, பூஞ்சணம் படர்ந்திருந்தது, யாரோ ஒரு புண்ணியவான் பொரித்த இறைச்சித் துண்டைக்கூட உள்ளே தள்ளிவிட்டிருந்தார். பிறகு போத்தல்களெல்லாம் குளியல் தொட்டிக்குள் போய், சலவைச் சோடா கலந்த சுடுதண்ணீரில் ஊறின. ஊறினால் லேபல்கள் தாமாகக் கழன்று மேலே வரும். குளிக்கப் போகிறவர் போத்தல்களிடம் அனுமதி கேட்க வேண்டிய நிலை வந்தது. ஊறியதை எடுத்து நீண்ட பிரஷ்ஷால் தேய்த்து, அலசி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கிட்ட வரக்கூடாது. சவர்க்காரம் பட்ட போத்தலில் நுரை நிற்காது என்று மாமா படுத்த இடத்திலிருந்து கத்தினார்.

கடைசிச் சோதனை மூக்கால் செய்வது. பழைய பியர் கொஞ்சம் மணந்தாலும் போத்தல் திரும்பச் சோடாவுக்குள் போய்விடும். அப்பா ஒவ்வொன்றாக மூக்கோடு பிடித்து, கண்ணை மூடி, நன்றாக மணந்து பார்த்தார். அம்மா குசினிப் படியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டு வெங்காயம் உரித்தார். எங்கள் நாலு பேருக்கு அத்தனை வெங்காயம் எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

ஷிப்டுக்கு நேரம் போதாது என்று அன்று அப்பா சீருடைக் காற்சட்டையை முன்கூட்டியே போட்டு, அதற்கு மேலே சாரத்தைக் கட்டிக்கொண்டு இருந்தார். இன்னும் ஊற்றாமல் கிடந்த போத்தல் பெட்டி ஒன்று சரிந்து அவர் காலோடு கவிழ்ந்தது. சாரம் நனைந்தது தெரிந்ததால் அவிழ்த்து எறிந்தார். கறுப்புக் காற்சட்டை நனைந்தது தெரியவில்லை. அதை மணந்து கண்டுபிடிக்க எங்களில் ஒருவருக்கும் ஏலாது. காலை முழுக்கப் பழைய பியருக்குள் இருந்த மூக்குகள் அதற்குப் பழகிப்போயிருந்தன. சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு அப்பா வேலைக்கு ஓடினார். மாமாவும் முதுகைத் தடவிக்கொண்டு தன் வேலைக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவிடமிருந்து ஃபோன் வந்தது. அம்மாவின் கை ஈரமாக இருந்ததால் நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"இஞ்சேரும், என்னை பஸ் எடுக்க விடேல்லை. என்னில பியர் மணக்குதாம். ஊத வைச்சுப் பார்க்கிற ஆள் வெளியில இருந்து வரவேணுமாம். அதுவரைக்கும் இருக்கட்டாம்."

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"நான் தொடேல்லை" என்றார் அப்பா.

"ஓம்" என்றார் அம்மா. ஃபோன் நின்றது.

பஸ் ஓட்டுபவர் குடித்துவிட்டு வந்தால் அன்றோடு வேலை போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அப்பாவே சொல்லியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. காற்சட்டையில்தானே கொட்டியது, அதைச் சொன்னால் விட்டுவிடமாட்டார்களா என்று கேட்டேன். அம்மாவின் காதில் அது ஏறவில்லை. அவர் சாமி படத்துக்கு முன்னால் போய் நிற்பார் என்று எதிர்பார்த்தேன். வழமையாக, பால் திரைந்தாலே விம்பிள்டன் பிள்ளையாருக்குத் தேங்காய் நேருகிறவர். அன்று நேரே படியடி அலுமாரிக்குப் போனார்.

பெட்டிகளை ஒவ்வொன்றாக நடைக்கு இழுத்தார். பொலிஸ் வருமுன் பியரை ஒளிக்கப் பார்க்கிறார் என்று நினைத்து நானும் ஒரு பெட்டியைப் பிடித்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார். ஒரு போத்தலை எடுத்து, மூடியைப் பெருவிரலால் சுற்றித் தடவிப் பார்த்தார். பிறகு வாசல் கண்ணாடி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பியர் எதுவரை நிற்கிறது என்று பார்த்தார். வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். எல்லாப் போத்தலிலும் கழுத்துவரை நிறைந்திருந்தது. பெட்டிக்குப் பெட்டி இப்படியே நடந்தது. நான் அழுவதைக்கூட அவர் கவனிக்காதது எனக்குக் கோபமாக இருந்தது.

கடைசிப் பெட்டியில் ஒரு போத்தல் பாதிதான் இருந்தது. அம்மா அதைப் பிடித்தபடியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய முகம் அப்படிப் போனதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

"அது அப்பிடித்தானம்மா. மாமா கடைசியா ஊத்தேக்க வாளிக்குள்ள பியர் முடிஞ்சு போட்டுது. ஏசி ஏசி மூடினவர். நான் பக்கத்தில நிண்டனான்" என்றேன்.

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம். ஜெர்மன் பாஷையில ஏசினவர்."

அம்மா அந்த மூடியை இன்னொரு முறை தடவிப் பார்த்தார். அது அசையவில்லை. என்னை இழுத்து, மூச்சு முட்டுகிற அளவுக்குக் கட்டிப்பிடித்தார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதலில் தெரியவில்லை. இரண்டும்தான். பிறகு முகத்தைக் கழுவி, எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். அப்பாவின் வேலை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது வாய்க்குள் பாட்டு முணுமுணுத்தபடி அந்த வெங்காயத்தையெல்லாம் தாளிக்கத் தொடங்கினார். எனக்கு அம்மாவைப் பார்க்கவே விசரும் ஆத்திரமுமாக வந்தது.

"அப்பா இன்னும் ஃபோன் எடுக்கேல்லையேம்மா" என்றேன்.

"எடுப்பார்."

எடுத்தார். ஊதிப் பார்த்ததில் ஒன்றும் இல்லை, பூச்சியம். காற்சட்டை நாற்றத்தை அவர்களே மணந்து பார்த்துச் சிரித்தார்களாம். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நாளைக்கு வரச் சொன்னார்களாம். நான் சோபாவில் ஏறிக் குதித்தேன். அம்மா மட்டும் "சரி, சாப்பிட வாங்கோ" என்று, அவர் கடைக்குப் போய்த் திரும்புகிறவர் போலச் சொன்னார். இந்த வீட்டில் அப்பாவின் மேல் அக்கறை உள்ளவள் நான் ஒருத்திதான் என்று அன்று முடிவு கட்டினேன்.

வெயில் இன்னும் இறங்காத நேரத்தில் அப்பா வந்தார். சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நின்றார். அலுமாரி திறந்து கிடந்தது. பெட்டிகளெல்லாம் நடையில் இருந்தன. சந்தோசத்தில் அம்மா அவற்றைத் திரும்ப உள்ளே தள்ள மறந்துபோனார். இப்போது குசினி வாசலில் அகப்பையோடு நின்றார்.

"எல்லாம் கிடக்கோ?" என்று கேட்டார் அப்பா.

"கிடக்கு. கோவிக்காதேங்கோ."

"இல்லை. பார்த்தது நல்லது" என்றார் அப்பா.

அவரே பெட்டிகளைத் தூக்கி உள்ளே அடுக்கி, கதவைச் சாத்தினார். பிறகு நின்ற இடத்திலேயே பெரிதாக மூச்சு விட்டார். அம்மா கிட்ட வந்து, அந்த நாறல் காற்சட்டையோடு நின்றவரின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு முன்னால் இப்படியெல்லாம் நடப்பதில்லை. மாமாவின் பியர் பத்திரமாக இருப்பதில் இவர்களுக்கு ஏன் இவ்வளவு நிம்மதி என்று நான் யோசித்தேன்.

நான் பல்கலைக்கழகம் போகிற வயதில்தான் அம்மா வயிற்று வருத்தத்தின் உண்மைக் கதையைச் சொன்னார். நான் தவழ்ந்த காலத்தில் அப்பா குடியால் ஒரு வேலையைத் தொலைத்தவர். எங்களையும் தொலைக்கிற நிலைக்கு வந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போய் நிறுத்தியவர். நிறுத்திவிட்டேன் என்று அவர் சொல்லி, அதை நம்பி, பிறகு ஏமாந்த நாட்கள் அம்மாவுக்கு நிறைய இருந்தன. அன்று நடையில் நின்ற இருவருக்கும் வேலை போகாதது இரண்டாவது நல்ல செய்திதான் என்பது சோபாவில் குதித்த எனக்கு எப்படித் தெரியும்!