செல்லம்மாக்கா தாண்டிப்போன வாசல்

பக்கத்து வீட்டு சீரியலில் வயலின் இழுத்தால், கால் நடக்க வராத பெண்ணைக் காட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். நேற்றும் அப்படித்தான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான், ஆனாலும் அந்த இழுவையை முதலில் கேட்ட நாள் மறக்கவில்லை.

பாபநாசம் பக்கம் எங்கள் ஊரில் பஞ்சாயத்து டிவி முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். படத்தில் கால் நடக்க வராதவள் காதலித்தவனை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்துவிட்டுச் செத்துப்போனாள். உடனே எல்லோரும் திரும்பி, போலியோவில் ஒரு கால் சூம்பிய என் அத்தையைப் பார்த்தார்கள். வயல்வேலைக்கு ஆள் கூப்பிடுகிற செல்லம்மாக்கா மூக்கைச் சிந்தியது.

"பாவம்டி வசந்தா நீ."

அத்தை அழுதுவிடுமோ என்று அதன் முகத்தையே பார்த்தேன்.

"டிவியில செத்தவளுக்கு இவ்வளவு அழுவுறீங்க. வேலைக்குக் கூப்பிட வர்றப்ப எங்க வாசலை மட்டும் ஏன்க்கா தாண்டிப் போறீங்க? உளுந்துச் செடி பறிக்கக் கைதானே வேணும்?" என்றது அத்தை.

மறுநாள் விடியலில் வாசலில் செல்லம்மாக்கா குரல் கேட்டது. "வசந்தா, வர்றியாடி? உட்கார்ந்து நகர்ந்தே பறிக்கலாம்."

வயல் வெடிப்பில் அத்தையின் கால் மாட்டிக்கொள்ளுமே என்று நான் பயந்துகொண்டே வரப்பில் நின்றேன். மாட்டியது செல்லம்மாக்கா கால். அக்கா தொப்பென்று விழுந்தது.

"எந்திரிங்கக்கா, நாளைக்கு எங்களை யாரு கூப்பிடுறது?" என்றது அத்தை. வயலே சிரித்தது.

செல்லம்மாக்கா புடவையைத் தட்டிக்கொண்டே சொன்னது: "உன்னைத்தான்டி மொதல்ல கூப்பிடுவேன், வாயாடி."