குதிகாலால் ஏறிய கரை

போன மார்ச் மாதம் நார்வேயில் ஒரு மலைச்சரிவில் என்னைப் பனிவண்டியில் உட்கார வைத்து இழுத்துக்கொண்டு போனார்கள். அது குழந்தைகளை இழுக்கும் சிவப்பு பிளாஸ்டிக் வண்டி. இழுத்தவன் என் மகன். பக்கத்தில் மருமகள், அரிசியும் பருப்பும் குக்கரும் அடங்கிய மூட்டையை முதுகில் சுமந்து வந்தாள். வருவாய்த் துறையில் வேலை பார்த்த காலத்தில் ரேஷன் மூட்டைகள் லாரியில் ஏறி இறங்குவதை எத்தனையோ முறை மேற்பார்வை செய்திருக்கிறேன். மூட்டையின் இடத்திலிருந்து பார்த்தது அன்றுதான்.

அவர்கள் வருடந்தோறும் வாடகைக்கு எடுக்கும் மலைவீட்டுக்குக் குளிர்காலத்தில் சாலை கிடையாது. ஒடுக்கமான நீளப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு காட்டுவழியே போக வேண்டும். ஷூவின் நுனி மட்டும் பலகையில் பூட்டிக்கொள்ளும். குதிகால் தூக்கி வைக்கலாம். சமதளத்தில் நான் நன்றாகவே போனேன். மேடு வந்தது. ஓர் எட்டு வைத்தால் ஒன்றரை எட்டு பின்னால் வழுக்கினேன். எனக்குப் பின்னால் வந்த ஒரு நார்வேக்காரக் குடும்பம் ஒதுங்கி நின்று, மிகுந்த மரியாதையுடன் வேடிக்கை பார்த்தது. பிறகுதான் வண்டி வந்தது.

அன்று இரவு சாப்பிடும்போது மகன் உத்தரவு போட்டான். "அடுத்த வருஷம் நீ டவுன்ல வீட்டுலயே இரும்மா. ஹீட்டர் போட்டுட்டுப் போறோம். நாங்க திரும்பி வரும்போது சூடா ஒரு ரசம் வெச்சிரு, போதும்."

"நான் நடந்தே வருவேன்."

"எப்படிம்மா? அதான் பாத்தோமே."

உத்தரவு போட்டவரே மேல்முறையீட்டையும் விசாரிக்கக் கூடாது என்பது நிர்வாகத்தின் அரிச்சுவடி. என் மகன் இரண்டையும் ஒரே சாப்பாட்டு மேசையில் முடித்துவிட்டு மோர் ஊற்றிக்கொண்டான். நான் வாதாடவில்லை. ஊருக்குக் கிளம்பும் முன் பழைய சாமான் சந்தையில் ஒரு ஜோடிப் பலகையும் ஷூவும் வாங்கினேன். சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அந்த நீளப் பையைத் தட்டி இது என்ன என்று கேட்டார். பனியில் நடக்க என்றேன். எந்த ஊர் என்றார். உத்திரமேரூர் என்றேன். அதற்கு எந்த விதியும் இல்லாததால் போகச் சொன்னார்.

உத்திரமேரூரில் பனி என்றால் மார்கழிப் பனிதான். அது போதும் என்று பட்டது. வைக்கோலின் மேல் பனி இறங்கினால் எப்படி வழுக்கும் என்பது களத்தில் விழுந்து எழுந்த எவருக்கும் தெரியும். ஏரிக்கரையின் உள்சரிவில் ஓர் இடம் பார்த்தேன். கரை அரசுக்குச் சொந்தம். அதில் விளையாட்டுத் திடல் அமைக்க யார் யாரிடமோ அனுமதி வாங்க வேண்டும். வைக்கோல் காயப்போட இதுவரை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. ஆகவே நான் வைக்கோல் காயப்போட்டேன்.

வைக்கோல் எதிர்வீட்டுப் பெண்ணுடையது. இரண்டு மாடு வைத்திருக்கிறாள். நான் கடனாகக் கேட்டது எதற்கென்று பார்க்க, முதல் நாள் காலையிலேயே கரைக்கு வந்துவிட்டாள்.

"இன்னாக்கா இது, காலுல பலகையக் கட்டிக்கினு? எதுனா வேண்டுதலா?"

"நடக்கப் பழகறேன்."

"நேத்து வரிக்கும் நல்லாத்தானே நடந்துக்கினு இருந்த?"

சொல்லி முடிப்பதற்குள் நான் சரிவின் அடிவாரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, "நீ மிதிச்ச வைக்கோல மாடு மோந்துகூடப் பாக்காது, சொல்லிட்டேன்" என்றாள்.

"நான் என்ன சாணியா மிதிச்சேன்?"

"இன்னாத்த மிதிச்சியோ. அது மாட்டுக்குத்தான் தெரியும்."

பலகையின் அமைப்பை நான் படித்து வைத்திருந்தேன். அது நடுவில் மேல்நோக்கி லேசாக வளைந்திருக்கும். அந்த நடுப்பகுதியின் அடியில் மீன் செதில்போல் வெட்டியிருப்பார்கள். உடம்பின் பாரம் முழுவதும் ஒரே காலில் இறங்கினால் வளைவு அமுங்கும், செதில் தரையைத் தொட்டுப் பிடிக்கும். பாரம் குறைந்தால் பிடி போய்விடும். இவ்வளவும் தெரிந்தும் வழுக்கினேன். மார்கழி பாதி போயிற்று. முழங்கையில் சிராய்ப்பு. கோயில் ஒலிபெருக்கிக்கு முன்பே எழுந்து போய் விழுந்துவிட்டு வருவது என் அன்றாடம் ஆயிற்று.

ஒரு நாள் காலை, கழற்றிய பலகைகளில் ஒன்றைக் கரைமேட்டிலேயே மறந்து விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். அதை எடுக்க, ஈரக் களிமண்ணில் வெறுங்காலோடு ஏறினேன். ஒரு வழுக்கலும் இல்லை. மேலே நின்று திரும்பிப் பார்த்தபோது என் காலடித் தடங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் பெருவிரல் இருந்த இடத்தில் ஆழமான குழி. குதிகால் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

இந்தப் பக்கத்து மனிதர்கள் எல்லோரும் இப்படித்தான் ஏறுகிறோம். வரப்பிலும் கரையிலும் பெருவிரலைச் சேற்றில் குத்தி, குதிகாலைத் தூக்கி, உடம்பை முன்னால் சாய்த்து. களிமண்ணுக்கு அது சரி. பலகைக்கு அதுதான் சாபம். பெருவிரலைக் குத்தினால் பாரம் முன்னுக்குப் போகிறது. நடு வளைவு எழும்பிக்கொள்கிறது. செதில் காற்றைப் பிடிக்கிறது. எனக்கு நடக்கத் தெரியாததல்ல தவறு. நன்றாகத் தெரிந்ததுதான் தவறு.

தெரிந்ததை மறப்பதற்கு நடைமுறை எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. அதனால் நானே ஒன்று வகுத்தேன். இரண்டு ஷூவிலும் பெருவிரலுக்கு அடியில் ஒவ்வொரு புளியங்கொட்டை போட்டேன். விரலைக் குத்தினால் உயிர் போகும். முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடக்கி, எட்டைச் சுருக்கி, குதிகாலில் பாரத்தை வைத்தால் வலி இல்லை. உடம்பு, வாதத்தை ஏற்காத அதிகாரி மாதிரி. வலித்தால்தான் கோப்பு நகரும். தை பிறப்பதற்குள் பாதிச் சரிவு ஏறினேன்.

பொங்கலுக்கு மகன் மட்டும் வந்தான். காணும் பொங்கலன்று ஊரில் பாதி ஏரிக்கரையில்தான் இருக்கும். கரும்பு கடித்துக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, பார்ப்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். அன்று இருந்தது. மகன் பலகையைப் பார்த்தான், வைக்கோலைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான்.

"ம்மா, வேணாம்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"அன்னிக்கு நார்வேயில யாரும் பாக்கலியா?"

ஏறினேன். எதிர்வீட்டுக்காரி கீழே நின்று எல்லோருக்கும் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தாள். "அது அவங்க புள்ள ஊரு நடைடா. ஒரு மாசமா என் வைக்கோலத்தான் நாசம் பண்ணிக்கினு கீது." பாதிக்கு மேல் எனக்குப் புது இடம். வலது கால் சட்டென்று சறுக்கியது. கூட்டம் ஓவென்றது. மகன் பக்கவாட்டில் ஓடி வந்து கையை நீட்டினான்.

"கையை எடு."

"ம்மா, புடிச்சுக்கோ..."

"எடுன்னு சொன்னேன்."

எடுத்தான். பெருவிரல் தானாகக் குத்தப் பார்த்தது; புளியங்கொட்டை அதைத் திருப்பி அனுப்பியது. நிமிர்ந்தேன். குதிகாலை அழுத்தினேன். அடியில் செதில் வைக்கோலைக் கவ்வுவது காலுக்குத் தெரிந்தது. அடுத்த எட்டு. அதற்கடுத்தது. கரையின் உச்சியில் பலகை கப்பி மண்ணில் கரகரவென்று உரசியபோது, கீழே எவனோ விசிலடித்தான்.

மகன் மேலே வந்து இடுப்பில் கை வைத்து நின்றான். "இது வைக்கோல்மா. பனி வேற."

"அப்ப பனியில பாத்துட்டுச் சொல்லு. டிக்கெட் நேத்தே எடுத்துட்டேன்."

குனிந்து என் பலகையின் பூட்டைக் கழற்றிவிட்டான். "சரி, வா. சேஃப்டிக்கு அந்த வண்டியையும் எடுத்துக்கலாம்."

"எடுத்துக்கோ. அரிசி, பருப்பு, குக்கர் எல்லாம் அதுல வெச்சு நீ இழு. ரசம் மேல போய் வெச்சுக்கலாம்."

மார்ச் இன்னும் வரவில்லை. புளியங்கொட்டைகள் ஷூவுக்குள்ளேயே இருக்கின்றன; எடுக்கப் போவதில்லை. விதைகளை எல்லை தாண்டிக் கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு உண்டு என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் வறுத்துவிட்டேன். வறுத்தால் அது விதை இல்லை. கேட்கட்டும், சொல்கிறேன்.